காற்றை அளப்பதற்கு முன் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

எங்கள் குடியிருப்பின் உரிமையாளர் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். தரைத்தளத்து வீடுகளில் பூஞ்சை எவ்வளவு என்று பார்க்க, வீடு வீடாகக் காற்று மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பத் தீர்மானித்திருக்கிறீர்கள். அக்கறையோடு எடுத்த முடிவுதான். ஆனாலும் அந்தப் பணத்தை அதில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியில் நம் தெருவில் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். வடிந்த கையோடு, பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்று பெயிண்ட் அடித்தோம். உள்ளே காரை காயவே இல்லை. அடுத்த மழைக்கு எங்கள் பீரோவின் பின்பக்கச் சுவர் முழுக்கக் கறுத்துவிட்டது. என் மகளுக்கு இளைப்பு வந்ததும் அந்த மாதங்களில்தான்.

பூஞ்சை வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் உண்டு. பூஞ்சை வளர்த்துப் பார்க்கும் ஆய்வகத் தட்டைத் திறந்து வைத்தால் எங்கேயும் முளைக்கும். காற்று மாதிரியும் ஃபேன் ஓடும்போது ஒன்று, வீடு பெருக்கிய பிறகு வேறொன்று என்று காட்டும். இத்தனை வித்து இருந்தால் ஆபத்து என்ற வரம்பை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைகூட வகுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் பூஞ்சைக்குப் பெரும்பாலும் மாதிரி தேவையில்லை என்கிறது அது. உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் எண்ணிக்கை எதுவும் சொல்லாமல், ஈரத்தைத் தடுக்கத்தான் சொல்கிறது.

நாம் தேட வேண்டியது தண்ணீர் வரும் வழியை. சுவரில் ஊசிமுனையை அழுத்தி ஈரம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கினால் எல்லா வீட்டுக்கும் போதும். அதுவும் இல்லையென்றால், ஒரு பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் ஓதம் சுவருக்குள் இருக்கிறது. வெள்ளையாகப் பூத்திருப்பதெல்லாம் பூஞ்சை அல்ல. தண்ணீர் தெளித்ததும் கரைந்தால் அது உப்பு. ஆனால் உப்புப் பூத்த இடத்திலும் ஈரம் இருந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அப்புறம், மாடிக் குளியலறைகள். வடிகால் துவாரத்தை அடைத்து ஒரு நாள் தண்ணீர் தேக்கினால், கீழ்வீட்டுக் கூரை உண்மையைச் சொல்லிவிடும். மொட்டைமாடித் தட்டோடுகளின் இடுக்குகளையும், சுவரோரக் குழாய் மூட்டுகளையும் பார்க்க வேண்டும். வாடை அடிக்கிறது, எங்கே என்றே தெரியவில்லை என்ற வீடு இருந்தால், அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஆய்வகத்தைப் பற்றி யோசிக்கலாம்.

வரும் பொங்கலுக்கு பெயிண்ட் அடிக்க ஆள் பேசுவதற்கு முன் இதையெல்லாம் முடித்துவிடுவோம். தண்ணீர் தேக்கிப் பார்ப்பதை என் வீட்டுக்கு மேலே உள்ள குளியலறையிலிருந்தே தொடங்குங்கள். மேல்வீட்டு அம்மாவிடம் பேசிவிட்டேன், அவர் சம்மதித்திருக்கிறார்.

இப்படிக்கு,
தரைத்தளத்தில் குடியிருக்கும் ஒரு உறுப்பினர்