இன்னொரு மில் வெச்சா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல செம்புச் சுரங்க விரிவாக்கம் பத்தின கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். ஓடுற மில்லுக்கு, அதாவது தாது அரைக்கிற எந்திரத்துக்கு, பக்கத்துல அதே மாதிரி இன்னொன்ன வெச்சா உற்பத்தி ரெண்டு மடங்காயிடும்னு ஒரு வரி வருது. இருபத்தாறு வருஷம் தாது அரைக்கிற வேலையிலயே இருந்தவன் நான், அந்த வரி ராத்திரி பூரா உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

உங்களுக்குத் தெரியாததில்ல சார், குழி ஆழமாக ஆழமாக கல்லு மாறும். மேல காத்தும் தண்ணியும் பட்டு மக்கின பாறை, கீழ இறுகிப்போன பாறை. பாண்ட்ங்கிற இன்ஜினியர் 1952ல குடுத்த கணக்குதான் இன்னிக்கும் ஆரம்பப் பாடம், கல்லோட வொர்க் இன்டெக்ஸ், அதாவது அத அரைக்க எவ்வளவு கரன்ட் ஆகும்னு காட்டுற எண், 13லேருந்து 16 ஆயிட்டா, அதே கரன்ட்ல அதே நைசா அரைக்கணும்னா, 100 டன் ஓடின பால் மில்லுல (இரும்புக் குண்டு போட்டு அரைக்கிற உருளை) 81 டன்தான் ஓடும். அப்புறம் எங்கேர்ந்து ரெண்டு மடங்கு?

நான் பட்டதச் சொல்றேன். ஒரு விரிவாக்கத்துல தொளபோட்டு எடுத்த பாறைத் துண்டுங்க (டிரில் கோர்) எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து ஒரே சாம்பிளா டெஸ்டுக்கு அனுப்பினாங்க. பாறை வகை வாரியா பிரிச்சு அனுப்புங்கன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தேன், பட்ஜெட் இல்லன்னுட்டாங்க. சராசரி நம்பர் அழகாத்தான் வந்துச்சு, ஆனா மில்லுக்குள்ள சராசரிக் கல்லு வராதே, இன்னிக்கு வர்ற கல்லுதான வரும். கடினமான பகுதிய வெட்ட ஆரம்பிச்சதும் பெரிய கல்ல மொதல்ல அரைக்கிற சாக் மில்லுல 25லேருந்து 75 மில்லிமீட்டர் சைஸ் கூழாங்கல்லு உடையாமத் தேங்கிடுச்சு, உள்ள விடுற கல்ல குறைச்சுக்கிட்டே போனோம், பின்னாடி புதுசா வாங்கி வெச்ச பால் மில்லுக்கு அரைக்க சரக்கு இல்ல. அந்தக் கூழாங்கல்ல வெளிய எடுத்து உடைக்க ஒரு க்ரஷர் போடலாம்னா லேஅவுட்ல அதுக்கு எடமே விடல. கடைசில பழி நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர் பையன் மேல விழுந்துச்சு. அது இன்னும் எனக்கு ஆறல.

டன் கணக்கு காட்டணும்னு அவசரப்பட்டு கொஞ்சம் கொரகொரன்னு அரைச்சு விடுற பழக்கமும் உண்டு. 150 மைக்ரான் நைசா அரைச்சா கல்லுலேருந்து விடுபடுற செம்பு, 200ல கல்லோட ஒட்டிக்கிட்டு டெய்லிங்ஸுக்கு, அதாவது கழிவுக்குப் போயிடும். 0.5 சதவீதம் செம்பு இருக்கிற தாது நாளைக்கு 1 லட்சம் டன் ஓடுதுன்னா உள்ள இருக்கிறதே 500 டன் செம்பு, ரிகவரி, அதாவது அதுல பிரிச்செடுக்கிற பங்கு, 1 சதவீதம் குறைஞ்சா தினமும் 5 டன் போச்சு.

பெருவுல செர்ரோ வெர்டேங்கிற செம்புச் சுரங்கத்துல 2015ல விரிவாக்கம் முடிஞ்சப்ப 1 லட்சத்து 20 ஆயிரம் டன்லேருந்து நாளைக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் டன் திறனுக்குப் போனாங்க, உண்மைதான். ஆனா அதுக்கு க்ரஷர், ஹை பிரஷர் ரோலர், பால் மில், செம்ப நுரையில மிதக்கவிட்டுப் பிரிக்கிற ஃப்ளோட்டேஷன்னு தனியா ஒரு புது ஆலையையே கட்டினாங்க சார்.

இதுவும் மொத தடவ இல்ல. முன்ன ஒரு இதழ்ல சிமென்ட் மில் போட்டோவ போட்டு செம்புத் தாது மில்னு எழுதியிருந்தீங்க. அதுக்கு நான் ரெண்டு பக்கம் எழுதினேன், உங்க பத்திரிகையப் பாராட்டின மொத வரிய மட்டும் போட்டீங்க, போட்டோ அப்படியே நின்னுச்சு. இத்தன வருஷ வாசகன், அதுக்குக்கூட ஒரு பதில் வரல. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில நின்னு தூசு தின்னவங்க சொல்றதுக்கு இவ்வளவுதான் எடமான்னு மனசு வலிச்சுது.

கட்டுரைய மாத்தி எழுதச் சொல்லல. அதுல அரைக்க ஆகுற மின்சாரம் "12 கிலோவாட்"னு அச்சாகியிருக்கு, அது டன்னுக்கு 12 கிலோவாட் மணி, அதாவது ஒரு டன் அரைக்க 12 யூனிட். அடுத்த இதழ்ல ஒரு ஓரத்துல அந்த ஒரு திருத்தத்த மட்டுமாவது போடுங்க சார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மில் இன்ஜினியர்