துதிக்கை 'லை' எழுதி அனுப்பு

திருவல்லிக்கேணி,
சென்னை.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மறுபடி சுவரில் எழுதச் சாரம் ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மகளுக்கு வேலை கிடைத்ததற்கு என் ஆசிகளைச் சொல்.

சென்ற வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகைக்காக, பத்திரிகை அச்சடிக்கும் கடைகள் உள்ள அண்டர்சன் தெருவுக்கு மூன்று முறை நடந்தேன். பிள்ளையார் சுழியிலிருந்து மண்டபத்து முகவரி வரை எல்லாமே கையால் எழுதியது போன்ற அலங்கார எழுத்தில் வேண்டும் என்று பெண் வீட்டார் விரும்பினார்கள். அப்படியே செய்து கொடுத்தேன். அந்த வீட்டுப் பாட்டி மாதிரித் தாளைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "முகூர்த்தம் ஆறரையா, எட்டரையா?" என்று கேட்டார். எண்ணின் சுழி அப்படி வளைந்திருந்தது. அன்று இரவே மாற்றினேன். மணமக்கள் பெயர் மட்டும் அலங்காரத்தில், மற்றவை சாதாரண எழுத்தில். அப்புறம்தான் அந்த இரண்டு பெயர்களும் பத்திரிகையில் எடுப்பாகத் தெரிந்தன. கடைப் பெயர், வாழ்த்து அட்டை, புத்தகத்தின் மேலட்டை என்று நாலைந்து சொற்களுக்குத்தான் இந்த வகை எழுத்து. பத்தி பத்தியாகப் போட்டால் கண் நோகும்.

இன்னொன்றும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெர்மன் எழுத்துக் கலைஞர் ஹெர்மன் ஸாப்ஃப் 1998-இல் கொண்டுவந்த ஸாப்ஃபினோ என்ற கையெழுத்துப் பாணி எழுத்துருவைப் போல ஆங்கிலத்தில் எழுத்தோடு எழுத்தைக் கோத்துக்கொண்டே போகலாம். நம் எழுத்துகள் தனித்தனியே நிற்பவை; வலிந்து கோத்தால் படிக்க முடியாது. நமக்கு அழகெல்லாம் ழகரத்தின் வாலிலும் கொம்பிலும் புள்ளியிலும்தான். 'கண்ணம்மா' என்று நீ எழுதும்போது இரண்டு புள்ளிகளும் ஒரே மாதிரி விழாது. ணகரத்தின் மேல் சற்றுத் தள்ளி, மகரத்தின் மேல் சற்றுத் தாழ்ந்து விழும். கணினியில் இரண்டும் ஒரே உயரத்தில் வந்து உட்கார்ந்ததும் கையின் உயிர் போய்விடுகிறது. அதனால்தான் நான் செய்யும் எழுத்துருவில் 18 மெய்களுக்கும் மும்மூன்று வடிவங்கள் வரைகிறேன். பக்கத்தில் வரும் எழுத்துக்கு ஏற்ப மென்பொருளே மாற்றிப் போட்டுக்கொள்ளும். 54-இல் பாதி முடிந்திருக்கிறது.

உன்னிடம் ஓர் உதவி. 1978 எழுத்துச் சீர்திருத்தத்தோடு விடைபெற்ற, யானைத் துதிக்கை போல வளைந்த பழைய 'லை'யை நீ இன்னும் சுவரில் எழுதுகிறாய். விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ள அதையும் இந்த எழுத்துருவில் வைக்க ஆசை. துதிக்கை வளைந்து எழுத்தோடு சேரும் இடத்தில் உன் பிரஷ் மெலிந்து இறங்கும். எனக்கு அங்கே தடித்துவிடுகிறது. ணை, லை, ளை, னை நான்கையும் கெட்டி அட்டையில், கறுப்பு எனாமலில், முக்கால் அங்குலப் பிரஷ்ஷால் எழுதி அனுப்பு. ஒவ்வொன்றிலும் நான்கு வேண்டும். பிசிறு இருந்தால் இருக்கட்டும், திருத்தாதே.

உன் அன்பு நண்பன்