மல்லிகாவுக்கு, திங்கட்கிழமைக்கு முன் படிக்க

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் நலம். குட்டியின் கல்யாணத்துக்குத் தை மாதத்தில் தேதி குறித்தாகிவிட்டது என்ற செய்தி கேட்டு என் வீட்டுக்காரருக்கு அவ்வளவு சந்தோஷம். நம் குட்டிக்கா, நம் குட்டிக்கா என்று ரெண்டு மூணு தரம் கேட்டுவிட்டார். பத்திரிகையை மட்டும் தபாலில் அனுப்பாதே. போன தடவை மாதிரி ரெங்கநாயகி வீட்டுக்குப் போய்ச் சேரும், அவள் ஒரு வருஷத்துக்குப் பேசுவாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமையிலிருந்து சோறு, இட்லி, தோசை எதையும் தொடப்போவதில்லை, கல்யாணத்துக்குள் பத்து கிலோ குறைத்துக் காட்டுகிறேன் என்று எழுதியிருந்தாய். ஹாஸ்டலில் ரசத்துக்கு இன்னொரு கரண்டி, மோருக்கு இன்னொரு கரண்டி என்று மெஸ் அக்காவைப் படுத்தினவள் நீ. நீயா இதை எழுதினாய் என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் உன் சுகர் மாத்திரை ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. போனில் சொன்னால் "சரிடி, சரிடி" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படி.

பெரியண்ணனுக்குப் போன மாதம் நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வெளியே சொல்ல வேண்டாம் என்று அண்ணி சொல்லியிருக்கிறாள், ஆனால் நீ வெளியே இல்லை. அண்ணன் நாலைந்து வருஷமாகக் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த சுகர் மாத்திரை போடுகிறார், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. சொந்தக்காரர் ஒருத்தர் பேலியோவில், அதுதான் சோறு, தானியத்தை விட்டுவிட்டு முட்டை, கறி, கொட்டை என்று சாப்பிடுகிற முறையில், இருந்து உடம்பைக் குறைத்ததைப் பார்த்து இவரும் ஆரம்பித்தார். காலையில் முட்டையும் வெண்ணெய் போட்ட டீயும், மதியம் காலிஃபிளவரைத் துருவிச் சோறு மாதிரி வேகவைத்தது, ராத்திரிக்கு நூறு பாதாம். முதல் வாரத்திலேயே எடை இறங்கியது, அவருக்குக் கால் தரையில் இல்லை. மாத்திரை மட்டும் பழையபடியே. டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, சொல்லிக்கொடுத்தவருக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் மதியம் மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தவருக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. கை நடுங்கி, பேச்சுக் குழறி, பக்கத்தில் நின்றவர் மேல் சாய்ந்துவிட்டார். குடித்திருக்கிறார் என்று ஆட்கள் விலகிப் போயிருக்கிறார்கள். நம் அண்ணனை, மல்லிகா! வாழ்க்கையில் வெற்றிலைகூடப் போடாத மனுஷனை. அங்கே பூக்கட்டி விற்கிற அம்மாதான் சட்டைப்பையில் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, டீக்கடையிலிருந்து சர்க்கரையை அள்ளிப்போட்ட டீயை வாங்கிவந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்திருக்கிறாள். அதன் பிறகு ஆஸ்பத்திரியில் பார்த்தபோதுகூடச் சுகர் 58தான். 70க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டியது. இப்போது நன்றாக இருக்கிறார். அந்தம்மாவுக்குப் புடவை எடுத்துக்கொடுத்துவிட்டு வந்தேன்.

இது ஏன் நடந்தது என்று உனக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து விலங்கியல் படித்தவர்கள் நாம். ஆனாலும் சொல்கிறேன். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. நீ சோறு சாப்பிட்டாயா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. பந்திக்கு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் இலை போட்டுக்கொண்டே போகிறவன் மாதிரி. சோற்றைச் சட்டென்று நிறுத்தினால், சுரந்த இன்சுலின் ரத்தத்தில் இருக்கிற கொஞ்சம் சர்க்கரையையும் இறக்கிவிடும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே கதை. மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து ரொம்பக் குறைவு. இன்னொரு வகை இருக்கிறது, டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று, சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றுகிற மாத்திரைகள். அதைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகிற கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறிவிடலாம். அப்போது சுகர் அளவு பெரிதாக ஏறியிருக்காது, அதனால் கண்டுபிடிப்பதும் கஷ்டம். நீ இப்போதே எழுந்து போய் உன் அட்டையைத் திருப்பிப் பார். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு அனுப்பு.

சாப்பாட்டை மாற்றாதே என்று நான் சொல்லவே இல்லை. சொன்னால் அது பொய், ஏனென்றால் நானே மாற்றியிருக்கிறேன், அதைப் பற்றி உன்னிடம் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. சோற்றைப் பாதிக்கும் கீழாக்கிவிட்டேன். காலையில் நாலு இட்லி இருந்த இடத்தில் இப்போது ரெண்டு இட்லி, ரெண்டு முட்டை, கெட்டியான சாம்பார். மதியம் முதலில் ஒரு கிண்ணம் பொரியலும் கூட்டும், மீன் இருந்தால் மீன், அதற்குப் பிறகுதான் சோறு. இந்த வரிசைக்கும் பலன் உண்டு, காய்கறியும் புரதமும் முன்னால் போனால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை. நமக்குத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டு, பொரியலைத் தொட்டுக்கொள்வது பழக்கம்.

எனக்கு நடந்த பெரிய மாற்றம் பசியில்தான். பள்ளிக்கூடத்தில் மூணாவது பீரியட் முடிவதற்குள் வயிறு கூப்பிடும், பிஸ்கட் இல்லாமல் நாலாவது பீரியடுக்குப் போக முடியாது என்று உனக்கே தெரியும். அது போய்விட்டது. ஒரு மணி வரைக்கும் சாப்பாட்டு நினைப்பே வருவதில்லை. மதியம் சாப்பிட்டதும் கண்ணைச் சொருகும் தூக்கமும் குறைந்துவிட்டது, எட்டாம் பீரியடில் குரல் எழும்புகிறது. இது எனக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லி மாளாது. நாற்பது வயதிலிருந்து நாள் முழுக்கச் சாப்பாட்டோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவள் நான்.

ஆனால் இதற்குக் காரணம் சோறு குறைந்ததா, முட்டையும் காயும் கூடியதா? ரெண்டாவதுக்குத்தான் பெரிய பங்கு என்று நினைக்கிறேன். புரதமும் நார்ச்சத்தும் வயிற்றை அதிக நேரம் பிடித்து நிறுத்தும். நம் ஊர்ச் சாப்பாட்டில் குறைவது அதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2025இல் வந்தது, சராசரி இந்தியர் தன் கலோரியில் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து எடுக்கிறார், புரதத்திலிருந்து 12 சதவீதம்தான் என்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் கொடுத்த வழிகாட்டுதலில் தானியத்துக்கு 45 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்று இருக்கிறது. டெல்டாவில் பிறந்த எனக்கு 45 என்பதே மலை மாதிரி. அதைத் தொட்டாலே போதும், நூறு பாதாம் வரைக்கும் போக வேண்டாம். நூறு பாதாமில் கிட்டத்தட்ட 700 கலோரி இருக்கிறதடி, அது ஒரு முழுச் சாப்பாடு.

இதில் எனக்கு ஒரு ஆய்வின் மேல் தனிப் பிரியம், கொஞ்சம் பொறுத்துக்கொள். அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவர் 20 பேரை நாலு வாரம் அங்கேயே தங்கவைத்தார். ரெண்டு வாரம் மாவுச்சத்தே இல்லாத மாதிரியான, கொழுப்பு நிறைந்த சாப்பாடு. ரெண்டு வாரம் கொழுப்பு மிகக் குறைந்த, கிழங்கும் பருப்பும் தானியமுமான சைவச் சாப்பாடு. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். சைவச் சாப்பாட்டில் இருந்தபோது அவர்கள் நாளுக்குச் சராசரியாக 689 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள்! பசி அதிகம் என்று யாரும் சொல்லவில்லை, ரெண்டிலும் திருப்தி ஒன்றுதான். ஆனால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரையும் இன்சுலினும் எங்கே தாழ்வாக இருந்தது? மாவுச்சத்து இல்லாத சாப்பாட்டில். 2021இல் வெளிவந்தது. அதனால் "மாவுச்சத்து" என்று ஒரே கோட்டில் எல்லாவற்றையும் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. பரோட்டாவிலும் மாவுச்சத்து, கொண்டைக்கடலைச் சுண்டலிலும் மாவுச்சத்து. உன் வயிற்றைக் கேட்டுப் பார், ரெண்டும் ஒன்றா என்று.

எடைக்கு வருகிறேன், உனக்கு அதுதானே அவசரம். முதல் வாரத்தில் ரெண்டு கிலோ இறங்கும். குதிக்காதே. கிளைக்கோஜன் பற்றி மேடம் கரும்பலகை முழுக்க எழுதிப்போட்டது மறந்துவிட்டதா? கல்லீரலிலும் தசையிலும் அரை கிலோ வரைக்கும் கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேமித்துவைத்த சர்க்கரை, இருக்கும், ஒவ்வொரு கிராமும் மூணு கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் அது கரைந்து தண்ணீரும் போகிறது. இன்சுலின் இறங்கும்போது சிறுநீரகம் உப்பையும் அதிகமாக வெளியே விடுகிறது. அந்த வாரத்தில் வருகிற தலைவலி, சோர்வு, கிறுகிறுப்புக்கு ஒரு காரணம் இதுதான். ஆட்கள் அதை "உடம்பு பழகுகிறது" என்று சொல்லிப் பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள். நீ பிரஷர் மாத்திரையும் போடுகிறாய், எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அதைப் பழக்கம் என்று விட்டுவிடாதே.

ஒரு வருஷக் கணக்கு வேறு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் என்பவர் 609 பேரை ரெண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாவுச்சத்தையும் மறு பாதிக்குக் கொழுப்பையும் குறைக்கச் சொன்னார். ரெண்டு பக்கமும் சர்க்கரை, மைதா வேண்டாம், காய்கறி நிறைய வேண்டும். 12 மாதம் கழித்துப் பார்த்தால் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ, கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ. வித்தியாசம் என்று சொல்லவே முடியாது. ரெண்டு பக்கத்திலும் ஏராளமாக இளைத்தவர்களும் இருந்தார்கள், எடை கூடினவர்களும் இருந்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு நல்ல செய்தி: 23 ஆய்வுகளைத் திரட்டி, அவற்றில் எட்டைச் சேர்த்துப் பார்த்ததில், ஆறு மாதத்தில் மாவுச்சத்தைக் குறைத்தவர்களில் 57 சதவீதம் பேருக்குச் சுகர் நல்ல அளவுக்கு இறங்கியிருந்தது, மற்றவர்களில் 31 சதவீதம். ஒரு வருஷத்தில் அந்த இடைவெளி குறைந்துவிட்டது. காரணம் எனக்குப் புரிகிறது, ஆறு மாதத்துக்கு மேல் மனுஷர்களால் பிடித்துக்கொண்டிருக்க முடிவதில்லை. நீயும் நானும் தீபாவளி, பொங்கல், நடுவில் நாலு கல்யாணம் என்று வாழ்கிறவர்கள். பிடித்துக்கொண்டிருக்க முடிகிற அளவுதான் உனக்கு அளவு.

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை. நீ சோற்றுக்குப் பதிலாகக் கேழ்வரகும் தினையும் என்று எழுதியிருந்தாய். நார்ச்சத்து அதிகம், நல்லதுதான், சாப்பிடு. ஆனால் அரிசி 100 கிராமுக்கு 78 கிராம் மாவுச்சத்து என்றால் கேழ்வரகில் 70ஐ ஒட்டி, தினையில் 60க்கு மேல். களியைக் கும்பா நிறைய உருட்டிப்போட்டுக்கொண்டு "நான் மாவுச்சத்தே தொடுவதில்லை" என்று சொல்ல முடியாது.

அப்புறம் நெய், வெண்ணெய், தேங்காய் என்று அள்ளிப் போடாதே. சிலருக்குக் கெட்ட கொழுப்பு எகிறிவிடுகிறது, பெரியண்ணனுக்கும் அது ஏறித்தான் இருந்தது. ஆரம்பிப்பதற்கு முன் ஒரு தரம், மூணு மாதம் கழித்து ஒரு தரம் ரத்தப் பரிசோதனை செய்துகொள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினினும் சேர்த்துப் பார்க்கச் சொல். சிறுநீரகத்தில் கொஞ்சம் கோளாறு இருந்தாலும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் டாக்டர் சொல்ல வேண்டும்.

நீ செய்ய வேண்டியது இதுதான் என்று உத்தரவே போடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. திங்கட்கிழமை சோற்றை நிறுத்துகிற நாளாக இருக்க வேண்டாம், டாக்டரைப் பார்க்கிற நாளாக இருக்கட்டும். "மாவுச்சத்தைக் குறைக்கப் போகிறேன், மாத்திரையை எவ்வளவு குறைக்க வேண்டும்?" என்று இந்த வார்த்தையிலேயே கேள். அவர் சொல்லாமல் நீயாக மாத்திரையையும் நிறுத்தாதே, அது இன்னொரு ஆபத்து. முதல் ரெண்டு வாரம் காலை, மதியம், ராத்திரி விரலில் குத்திப் பார். கைப்பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள். நடுக்கமோ வேர்வையோ வந்தால் மூணு டீஸ்பூன் சர்க்கரை, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார். சாக்லேட் வேண்டாம், அதில் இருக்கிற கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் விடும்.

குட்டியின் முகூர்த்தத்தில் நீ ஆறு கிலோ குறைந்து நின்றாலும் சரி, ஒரு கிலோகூடக் குறையாமல் நின்றாலும் சரி, நிற்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான் வேண்டும், மல்லிகா. அண்ணனை அந்தப் படுக்கையில் பார்த்துவிட்டு வந்த ராத்திரி முழுக்க எனக்கு உன் ஞாபகம்தான்.

டாக்டர் என்ன சொன்னார் என்று செவ்வாய்க்கிழமைக்குள் எழுது, அல்லது கூப்பிடு. சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப் வாங்கும்போது காலாவதித் தேதி பார்த்து வாங்கு, பழைய டப்பா வைத்திருந்தால் தூக்கிப்போடு. பந்தல்காரர் விஷயமாக என் வீட்டுக்காரர் உன் வீட்டுக்காரரிடம் நாளைக்குப் பேசுவார்.

அன்புடன்,
வசந்தா