டாஸ்மேனியாவுக்குப் புறப்படும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

விசாக் குலுக்கலில் உன் பெயர் விழுந்துவிட்டது, விசாவும் கிடைத்துவிட்டது என்று சித்தி தொலைபேசியில் சொன்னார். மனம் நிறைந்துபோனது. விடுமுறையில் தங்கிக்கொண்டே வேலையும் செய்ய இடம் தரும் ஆஸ்திரேலியாவின் 462 பணி விடுமுறை விசா இந்தியர்களுக்குத் திறந்ததே 2024-இல்தான். ஆண்டுக்கு 1,000 பேர், அதுவும் 18 வயதிலிருந்து 30 வயதுக்குள். ஆகவே இதே விசாவில் போய்வந்த மூத்தவர்களைத் தேடிப்பிடித்து யோசனை கேட்பது உனக்கு எளிதாக இருக்காது. நான் மாணவர் விசாவில் வந்து டாஸ்மேனியாவின் தலைநகர் ஹோபார்ட்டிலேயே தங்கிவிட்டவள். படித்த காலத்தில் கோடை விடுமுறைகளில் ஹுவான் பள்ளத்தாக்கில் ஒரு பழத்தோட்டக் குடும்பத்தோடு அவர்கள் வீட்டிலேயே தங்கி வேலை செய்திருக்கிறேன். விசா வேறு என்றாலும் முதலாளி வீட்டில் தங்கித் தோட்டத்தில் உழைக்கும் வாழ்க்கை அதேதான். உன்னைப் போலப் புறப்படுகிற மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நீ தங்கி வேலை செய்யப்போகும் தோட்டக் குடும்பத்தைப் பற்றிச் சித்தி இன்னொன்றும் சொன்னார். "நல்ல குடும்பமாம். சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பாம். மகள் மாதிரிப் பார்த்துக்கொள்வோம் என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சம்பளம் எவ்வளவு என்று எப்படிக் கேட்பது?"

கேட்க வேண்டும். எழுத்தில், விமானம் ஏறுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஒருவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அவரிடமே கூலிக் கணக்குப் பேச நமக்கு வாய் வராது. அந்தக் கூச்சம் ஒரு நல்ல குணத்திலிருந்துதான் வருகிறது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நீ அங்கே விருந்தாளியாகப் போகவில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நீ தங்கப் போவதோ மாதக்கணக்கில். விடியற்காலையில் எழுந்து ஏணி ஏறப் போகிறாய். அவர்கள் போடும் சோற்றுக்கு நன்றியோடு இரு. உன் உழைப்புக்கான கூலி அந்த நன்றிக்குள் கரைந்துவிடக் கூடாது.

ஒரு குடும்பத்தோடு தங்கி வேலை செய்வதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தொல்லை. முதலாவது, கூலி இல்லாமல் உணவுக்கும் படுக்கைக்கும் ஈடாக உழைப்பது. 1971-இல் இங்கிலாந்தில் சூ கொப்பார்டு என்ற லண்டன் செயலாளர், நகரவாசிகளை வார இறுதிகளில் இயற்கை விவசாயப் பண்ணைகளுக்கு அழைத்துப்போகத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. வூஃப் என்ற பெயரில் இன்று உலகம் முழுவதும் நடக்கிறது. வழக்கமாக ஒரு நாளைக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேர வேலை. மண்ணையும் மனிதர்களையும் அறிந்துகொள்ள அருமையான வழி. சில வாரங்கள் செய்து பார்க்கலாம் என்றே சொல்வேன். ஆனால் நீ விமான டிக்கெட்டுக்குக் கடன் வாங்கியிருக்கிறாய். அந்தக் கடன் இதில் அடையாது. இரண்டாம் ஆண்டு விசாவுக்கும் இது உதவாது. அதற்கு மூன்று மாதம், அதாவது 88 நாள், அரசு குறித்திருக்கிற வகை வேலையைக் குறித்த பகுதியில் செய்திருக்க வேண்டும். டாஸ்மேனியாவின் தோட்ட வேலை அந்தக் கணக்கில் சேரும். ஆனால் சட்டப்படி கூலி வாங்கிச் செய்த வேலைதான் சேரும். கூலியில்லா வேலையைக் கணக்கில் எடுப்பதில்லை. சம்பளச் சீட்டுதான் சான்று.

இரண்டாவது வகை, கூலி வேலை. தங்குவது மட்டும் முதலாளியின் வீட்டில். இதில் நீ சட்டப்படி தொழிலாளி. மகள் மாதிரி என்று அவர்கள் மனதார நினைத்தாலும் சட்டத்தின் முன் நீ தொழிலாளிதான்.

என் தோழி ஒருத்திக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவள் தங்கிய வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு அழைத்துப் போவார்கள், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினார்கள். வாரக் கூலி மட்டும் ஒவ்வொரு வாரமும் பேசியதைவிடக் குறைவாக வந்தது. வீட்டு வாடகை, சாப்பாடு, தோட்டத்துக்கு வண்டியில் அழைத்துப் போனதற்குப் பெட்ரோல் என்று வாய்வார்த்தையாகவே கழித்துக்கொண்டார்கள். அவள் கேட்கவில்லை. பருவம் முடிந்து கணக்குப் பார்த்தபோது சேமிப்பென்று ஒன்றுமே மிஞ்சவில்லை. சம்பளச் சீட்டில் இருந்த மணிக்கணக்கும் அவள் உழைத்த நேரமும் பொருந்தவில்லை. கூலியில் பிடித்தம் செய்ய வேண்டுமானால் அதற்குத் தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அது பெரும்பாலும் தொழிலாளியின் நன்மைக்காக இருக்க வேண்டும் என்கிறது ஆஸ்திரேலியச் சட்டம். கூலி கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் சம்பளச் சீட்டும் தர வேண்டும். இதெல்லாம் அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவளுக்காக இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் தங்கிய வீடு வேறு. அந்த வீட்டு அம்மா முதல் நாள் மாலையே சமையலறை மேசையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்தார். வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடைவேளை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் நான் எழுத வேண்டும், அவர் பார்த்துக் கையெழுத்திடுவார். தங்குவதற்கு வாரத்துக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எனக்கு முதலில் மனம் சுருங்கியது. இவ்வளவு கறாராக இருக்கிறாரே என்று. ஆனால் புத்தகத்தை மூடிய பிறகு அந்த மேசையில் பேசுவதற்கு வேறு எதுவும் பாக்கி இருக்காது. நிம்மதியாகச் சாப்பிட்டோம், வீட்டுக் கதை பேசினோம், விறகு அடுப்பை எப்படி மூட்டுவது என்று சொல்லிக் கொடுத்தார். இன்றும் ஆப்பிள் பருவத்தில் எனக்கு ஒரு பெட்டி வந்து சேர்கிறது. கணக்கு நேராக இருந்ததால்தான் அந்த உறவு நிலைத்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

கூலியைப் பற்றி இன்னும் கொஞ்சம். செர்ரித் தோட்டங்களில் பறித்த அளவுக்குக் கூலி பேசுவது வழக்கம். முன்பெல்லாம் கை பழகாதவர்கள் நாள் முழுக்கப் பறித்தும் சொற்பமே சம்பாதித்தார்கள். 2022 ஏப்ரல் 28 முதல் அப்படிப் பறிப்பவர்களுக்கும் மணிக்கு இவ்வளவு என்ற குறைந்தபட்சக் கூலி உறுதி செய்யப்பட்டிருக்கிறது. கை மெதுவாக இருந்தாலும் அந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது. முதலாளி வரித்துறையில் பதிவு செய்திருந்தால் உன் வருமானத்தில் 45,000 டாலர் வரை 15 சதவீதம் வரி பிடிப்பார்கள். வரி எண்ணை இறங்கியதும் வாங்கிவிடு, அதற்குக் கட்டணம் கிடையாது. சூப்பர் என்கிற ஓய்வூதியச் சேமிப்பும் உன் பெயரில் சேரும். ஆனால் நாட்டை விட்டுக் கிளம்பிய பிறகு அதை எடுத்தால் பணி விடுமுறை விசாக்காரர்களுக்கு 65 சதவீதம் வரி. அந்தப் பணத்தை நம்பித் திட்டம் போடாதே.

வானிலையும் உன் கூலியைத் தீர்மானிக்கும். டிசம்பரில் தொடங்கும் செர்ரி, பழுக்கும் தறுவாயில் மழை பட்டால் தோல் வெடித்துவிடும். மரங்களுக்கு மேல் ஹெலிகாப்டரைத் தாழ்வாகப் பறக்கவிட்டு நீரை உதறச் செய்வதை நீ பார்க்கக்கூடும். ஈரம் காயாத நாளில் பறிப்பு இல்லை. அன்றாடக் கூலிக்காரருக்கு அன்று வருமானமும் இல்லை. பழத்தைக் காம்போடு பறிக்க வேண்டும், அடுத்த ஆண்டுக்கான மொட்டுக் கணுவை முறித்துவிடக் கூடாது. சில நாளில் கை பழகிவிடும். பிப்ரவரிக் கடைசியிலிருந்து மே வரை ஆப்பிள். அது தோளுக்கு வேலை. வெயில் குளிர்ந்த காற்றோடு வருவதால் சுடுவது தெரியாது, ஆனால் புற ஊதாக் கதிர் கடுமை. தொப்பியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தோட்டத்தில் இறங்காதே. தீவில் உள்ள பாம்பு இனங்கள் மூன்று, மூன்றும் விஷமுள்ளவை. உயரமான புல்லில் பூட்ஸ் இல்லாமல் நடக்காதே.

வீட்டுக்குள் வாழ்வது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிராமப்புற வீடுகள் பலவற்றில் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துத்தான் எல்லாத் தேவைக்கும் பயன்படுத்துகிறார்கள். ஆகவே குளியல் சில நிமிடங்கள்தான். அறுபது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டியிருக்கும். அதைச் சொல்ல எனக்கு நாவு பழக நாளாயிற்று, உனக்கும் ஆகும். அவர்கள் அதை மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. சித்தி கட்டிக் கொடுக்கும் பொடி, ஊறுகாய் எதுவானாலும் விமான நிலையத்தில் படிவத்தில் எழுதிக் காட்டிவிடு. பச்சைக் கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம். டாஸ்மேனியா பழ ஈ இல்லாத தீவு. ஆஸ்திரேலியாவின் பெருநிலத்திலிருந்து பழம் கொண்டுவந்தாலும் மோப்ப நாய் வைத்துப் பிடிப்பார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை ஒன்றுதான்: வெளியேறும் வழி. ஹோபார்ட்டிலிருந்து ஹுவான்வில் வரை பஸ் உண்டு. ஆனால் தோட்டங்கள் பஸ் போகும் சாலையிலிருந்து தள்ளி இருக்கும். புரூனி போன்ற சிறு தீவென்றால் கெட்டரிங் துறையிலிருந்து படகு. கடைசிப் படகு போய்விட்டால் அன்றிரவு அங்கேதான். அந்தி சாயும் நேரத்தில் வாலபி என்னும் சிறு கங்காருக்கள் சாலையில் குதிக்கும் என்பதால் இரவில் வண்டி ஓட்டவும் உள்ளூர்க்காரர்களே தயங்குவார்கள். ஆகவே உள்ளிருந்து தாழிடக்கூடிய தனி அறை, உன் பாஸ்போர்ட் உன்னிடம், உன் கணக்கில் எப்போதும் திரும்பி வருவதற்கான பணம், அந்த இடத்தில் எந்த நிறுவனத்தின் தொலைபேசி அலைவரிசை கிடைக்கிறது என்ற விவரம். இந்த நான்கில் விட்டுக்கொடுக்காதே. இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மருத்துவ ஒப்பந்தம் இல்லாததால் அரசு மருத்துவ உதவி உனக்குக் கிடையாது. காப்பீடு எடுக்காமல் வராதே. கூலியில் தகராறு வந்தால், தொழிலாளர் குறைகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்தை 13 13 94-இல் அழைக்கலாம். தமிழில் பேச வேண்டுமென்றால் முதலில் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து இணைக்கச் சொல்லலாம்.

இப்போது செய்ய வேண்டியது இது. அந்தக் குடும்பத்துக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் எழுது. அழைத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு நேராகக் கேள்: கூலி மணிக்கா, பறித்த அளவுக்கா, எவ்வளவு? தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு பிடிப்பீர்கள், அதை எழுத்தில் தருவீர்களா? மழை நாளில் என்ன ஏற்பாடு? வீட்டு வேலையோ குழந்தையைப் பார்த்துக்கொள்வதோ உண்டென்றால் அது கூலி நேரத்தில் சேருமா? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் வீடு உனக்கு வேண்டாம். அந்தப் பள்ளத்தாக்கில் வேறு தோட்டங்கள் எத்தனையோ இருக்கின்றன, நானே விசாரித்துத் தருகிறேன்.

அவர்கள் பதில் வந்ததும் அப்படியே எனக்கு அனுப்பு. விமானத் தேதியையும் சொல். முதல் வாரம் எங்கள் வீட்டில் தங்கி, வங்கிக் கணக்கு, வரி எண் வேலைகளை முடித்துக்கொண்டு போகலாம். தோட்டம் வரை நானே கொண்டுவந்து விடுகிறேன்.

அன்புடன்,
அக்கா