எல்லோருக்கும் ஒரே படகா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ராமநாதபுரம் கடற்கரையில் எங்கெங்கே போகலாம் என்று எழுதியிருந்தீர்கள். சரி, யார் எங்கே போகலாம்?

போன தை மாதம் குடும்பத்தோடு காரங்காட்டுக்குப் போனோம். அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி. ஏறியதுமே என் மச்சினன், "அண்ணே, கொஞ்சம் வேகமா விடுங்க" என்று படகுக்காரரிடம் ஆரம்பித்துவிட்டான். சேற்றைக் குத்திக்கொண்டு நிற்கும் மூச்சு வேர்களைப் பற்றி என் மனைவிக்கு நூறு கேள்வி. அம்மாவுக்கு லைஃப் ஜாக்கெட் வார் இறுக்கமாக இருக்கிறதா என்பதைத் தவிர வேறு எண்ணமே இல்லை. எனக்கோ யாரும் பேசாமல் வந்தால் போதும். நடுவில் கூட வந்த ஒருவர் செல்போனில் பாட்டுப் போட, கரையில் நின்ற கொக்குகள் எழுந்து போய்விட்டன. இறங்கும்போது எங்கள் நாலு பேருக்கும் அரை மனசுதான்.

இது யார் குற்றமும் இல்லை, குணம் அப்படி. பரபரப்பைத் தேடும் குணத்தை அளக்க உளவியலாளர் மார்வின் சக்கர்மேன் 1964-லேயே ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். 1974-ல் பயண ஆய்வாளர் ஸ்டான்லி பிளாக் என்பவர் பயணிகளையே அப்படிப் பார்த்தார்: பழகின இடமும் வசதியும் வேண்டும் என்பவர்கள் ஒரு முனை, யாரும் போகாத இடத்தைத் தேடிப் போகிறவர்கள் மறு முனை, பெரும்பாலோர் நடுவில். எங்கள் படகில் அம்மா ஒரு முனை, மச்சினன் மறு முனை.

நம் கரையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. துள்ளுகிறவர்களுக்குக் கடல் விளையாட்டு நடக்கும் பிரப்பன்வலசை இருக்கிறது. பிள்ளைகுட்டியோடு உட்கார அரியமான். வாய் திறக்காமல் பறவை பார்க்க சக்கரக்கோட்டைக் கண்மாயும், பருவத்தில் பூநாரை இறங்கும் தனுஷ்கோடியும். ஆனால் காரங்காடு மாதிரி எல்லா ரகமும் ஒன்றாக வந்து சேரும் இடத்தில்தான் சிக்கல்.

டிக்கெட் கொடுக்கும்போதே ஒரு கேள்வி கேட்கலாம்: "அமைதியா, விளக்கமா, துடுப்பா?" காலையில் முதல் படகை அமைதிக்காரர்களுக்கு விட்டுவிடலாம். செல்போன் பாட்டு, கூச்சல் எதுவும் கூடாது. அடுத்த படகில் மரத்தையும் நண்டையும் பற்றிப் பேசத் தெரிந்த உள்ளூர் மீனவர் ஒருவர். மச்சினன் போன்றவர்களுக்கு வேகப் படகு வேண்டாம். கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் உட்காரவைத்துத் துடுப்பைக் கையில் கொடுத்தால் அரை மணியில் தானாக ஓய்ந்துவிடுவார்கள்.

வரும் தையிலும் போவதாக இருக்கிறோம். அம்மா மட்டும், "நீங்க போயிட்டு வாங்க, நான் கரையிலேயே நண்டுக் குழம்பு சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ராமநாதபுரம்