பார்சலை எந்த விலாசத்துக்கு அனுப்ப?

பள்ளத்தூர்
8.12.2025

சிரஞ்சீவி மகன் தம்பிக்கு அப்பச்சி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் ஆத்தாவும் நலம். அங்கே உங்கள் மூவரின் நலத்துக்கும் எழுது.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ 'ம்', 'சரிப்பச்சி', 'அப்புறம் பேசுறேன்' இந்த மூன்றைத் தவிர வேறு பேசி வெகுநாள் ஆகிறது. கடிதம் என்றால் நடுவில் மீட்டிங் வராது.

விஷயம் வேறொன்றுமில்லை. பொங்கல் முடிந்ததும் பேரனுக்குப் பிறந்த நாள், ஆறு முடிகிறது. என்ன வேண்டும் என்று அவனையே கேட்டேன். ராக்கெட் என்றான். எந்த மாதிரி ராக்கெட் என்றேன். "போய்ட்டுத் திரும்பி வர்ற ராக்கெட்" என்றான்.

காரைக்குடியில் செக்காலை ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஒரு ராக்கெட் பொம்மை, பட்டனை அமுக்கினால் சைரன் அடித்துச் சிவப்பு விளக்கு சுழல்கிறது. ஆம்புலன்ஸுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. திருப்பிப் பார்த்தால் பொத்தான் பேட்டரி, மூடிக்குத் திருகாணிகூட இல்லை, நகத்தால் நெம்பினால் வந்துவிடுகிறது. பிள்ளை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த கடையில் டெலஸ்கோப். பெட்டியில் சனிக் கிரகம் வளையத்தோடு ஜொலிக்கிறது, மேலே '525 மடங்கு' என்று கொட்டை எழுத்து. முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர்தான். முப்பத்து மூன்று வருஷம் ஒளியியல் நடத்தினவனிடமா? கண்ணாடி எத்தனை மில்லிமீட்டரோ அதன் இரட்டிப்புக்கு மேல் பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும். 50 என்றால் 100, அதோடு சரி. எதிர்ச்சாரி நகைக்கடைப் பலகையை அதில் பார்த்தேன். எழுத்தைச் சுற்றி வானவில் கட்டியிருந்தது. நான் மூச்சு விட்டால் முக்காலி ஆடியது. கறுப்புக் கண்ணாடி ஒன்றும் கூடப் போட்டிருந்தான், கண் வைக்கிற பக்கம் மாட்டிச் சூரியனைப் பார்க்கவாம். சூட்டில் அது விரிசல் விட்டால் கண் போச்சு. போதாததற்கு, சனியின் வளையம் இந்த வருஷம் நமக்கு விளிம்பைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது, நல்ல டெலஸ்கோப்பிலேயே ஒரு கோடாகத்தான் தெரியும். பெட்டிப் படத்தைப் பார்த்த பிள்ளை ஏமாந்துபோவான். பத்து வயதில் வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியில் மதுரைக்குப் போய் பைனாகுலர் வாங்கிவிட்டேன். 8×30, அதாவது எட்டு மடங்கு, 30 மில்லிமீட்டர் கண்ணாடி. 10×50 இன்னும் நன்றாகக் காட்டும், ஆனால் கிட்டத்தட்ட ஒரு கிலோ, பிள்ளைக் கை தாங்காது. சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு கண்ணும் கிட்டக்கிட்ட இருக்கும், பெரியவர்களுக்குச் செய்த குழல்கள் அவ்வளவு நெருங்கி மடங்காது. கடைக்காரர் பேத்தி அங்கேயே விளையாடிக்கொண்டிருந்தது. அதன் கண்ணில் வைத்துப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன்.

வியாழன் சனவரி 10-ஆம் தேதி சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. பொழுது சாயக் கிழக்கே ஏறி விடிய விடிய இருக்கும். முழங்கையைச் சுவரில் முட்டுக்கொடுத்துப் பார்த்தால் பக்கத்தில் பொட்டுப் பொட்டாக நிலாக்கள், 1610-ல் கலிலியோ பார்த்த அதே நாலு. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தையும் காட்டு, வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரிவது இதில் அள்ளித் தெளித்த மாதிரி இருக்கும். நிலாவைப் பௌர்ணமியில் காட்டாதே, தட்டையாக இருக்கும். தை அமாவாசை கழிந்து ஏழெட்டு நாளில் அரை நிலா வரும், வெளிச்சமும் இருட்டும் சேருகிற கோட்டில்தான் குழிகளின் நிழல் நீளமாக விழும். பகலில் பீரோவில் வைத்துப் பூட்டிவிடு, சூரியன் பக்கம் திருப்பிவிடக் கூடாது.

ஒன்று சொல்லவேண்டும். ஆறு வயதுப் பிள்ளை தனியாகப் பார்க்கிற சாமான் இல்லை இது. பெரியவர்கள் யாராவது பின்னால் நின்று அவன் கை மேல் கை வைத்துத் திருப்பிக் காட்டவேண்டும். அதுவும் ராத்திரியில். மருமகளும் காட்டலாம், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நீ நிற்கவேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் "அப்பாகிட்ட குடு" என்றேன். "அப்பா ஸ்பேஸ் ஸ்டேஷன்ல இருக்காங்க ஐயா" என்றான். சிரித்தேன். எப்போ போனாங்க என்றேன். தீபாவளிக்கு மறுநாள் என்றான். போன் சட்டென்று வேறு பக்கம் திரும்பிவிட்டது, மருமகள் அவன் பள்ளிக்கூடத்துச் சேதி சொல்ல ஆரம்பித்தாள். உன் ஆத்தா அடுப்படியில் இருந்தாள், காதில் விழவில்லை. நானும் சொல்லவில்லை.

பிள்ளை விளையாட்டு. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வாத்தியார் புத்தி எண்ணிப் பார்க்காமல் இருக்காதே. நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா ஜூன் 26-ல் விண்வெளி நிலையத்துக்குள் போனார், ஜூலை 14-ல் கிளம்பினார், மறுநாள் கடலில் இறங்கிவிட்டார். உள்ளே இருந்தது 18 நாள். தீபாவளிக்கு மறுநாளிலிருந்து இன்றைக்கு 48 நாள் ஆகிறது. அந்த நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. பெங்களூரிலிருந்து இங்கே வருகிற தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

2023 ஆகஸ்ட் 23, சாயங்காலம் 6 மணி 4 நிமிஷத்துக்குச் சந்திரயான் இறங்கியபோது மூன்று வயதுப் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நீ குதித்த வீடியோ உன் ஆத்தா போனில் இன்னும் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவாள். நானும் எட்டிப் பார்ப்பேன். அப்படி ஒரு தகப்பனாக இருக்க எனக்கு வரவில்லை. அப்பேர்ப்பட்டவன் இந்த வருஷம் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் வரவில்லை. ஒன்றாம் தேதியானால் பணம் மட்டும் வந்து நிற்கிறது. பணம் யார் கேட்டது? போன மாதம் அதுவும் பாதிதான் வந்தது. ஏன் என்று கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. எனக்குப் பென்ஷன் வருகிறது, இங்கேயிருந்தும் அனுப்பலாம்.

பைனாகுலரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கடையில் அதைக் கழுத்தில் மாட்டியதும் பள்ளிக்கூடத்துப் பழைய பைனாகுலரின் தோல்வார் வாசனை வந்துவிட்டது. 1986 மார்ச், ஹாலி வால்நட்சத்திரம். விடியற்காலை நாலு மணிக்கு ஊருணிக்கரைக்குப் பதினோரு பையன்களைக் கூட்டிப்போனேன். உன்னையும் கூட்டிப்போவதாக மாதக்கணக்கில் சொல்லியிருந்தேன். நீ கணக்கில் 38 வாங்கினாய். அதற்காக வேண்டாமென்று முடிவு செய்தேன், உன்னிடம் சொல்லவுமில்லை. நீ முதல் நாள் ராத்திரியே சட்டைப் பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு முகப்புத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டாய், உன்னைத் தாண்டாமல் நான் போகமுடியாது என்று. தூணில் சாய்ந்தபடியே தூங்கியும் போனாய். நம் வீட்டுக்குத்தான் அடுத்த தெருவிலும் வாசல் இருக்கிறதே. நான் அந்த வழியாகப் போனேன். பின்கட்டுக் கதவு கிறீச்சிடாமல் இருக்கக் கீலுக்கு விளக்கெண்ணெய் விட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

திரும்பி வந்தபோது முழித்திருந்தாய். "மேகம்டா தம்பி, ஒன்னும் தெரியலை" என்றேன். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. தென்கிழக்கே, புகைபோல, ஆனால் தெரிந்தது. பையன்கள் எவனாவது உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருப்பான். நீ வந்து கேட்பாய் என்று இரண்டு நாள் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். நீ கேட்கவே இல்லை. பிள்ளை மறந்துவிட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது இனி 2061-ல்தான் வரும். உனக்கு 83, அவனுக்கு 41.

அதனால் அந்த ஸ்பேஸ் ஸ்டேஷன் கதையை அவனுக்கு யார் சொன்னது என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

எதிர் வீட்டை விற்றுவிட்டார்கள். பர்மாத் தேக்குத் தூணெல்லாம் கழற்றுகிறார்கள், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குத்தான் போகும். பிள்ளையார் நோன்பு வருகிறது. உன் ஆத்தா எல்லாருக்கும் சேர்த்துத்தான் இழை மாவு இடிக்கச் சொல்லியிருக்கிறாள். மூன்று பேரும் வந்து இழை எடுத்துக்கொண்டால் சந்தோஷம். நீ மட்டும் வந்தாலும் சரி. மெத்தை அறையைக் கழுவிவிட்டு ஃபேன் மாற்றியிருக்கிறேன், எத்தனை நாள் இருந்தாலும் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பைனாகுலரைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீ பாட்டுக்குப் போய்விடாதே, கூட நின்று காட்டு. முன்னாலேயே எழுதிவிட்டேனா, சரி.

பார்சல் கட்டியாயிற்று, மேலே விலாசம் எழுதவில்லை. பழைய விலாசம்தானா, வேறு ஏதாவதா, ஒரு வரி எழுது. உன் ஆத்தா மனகோலம் செய்திருக்கிறாள். அதை இரண்டு டப்பாவாகப் போடச் சொன்னேன். எதற்கு இரண்டு என்றாள். ஒன்றாகப் போட்டால் நொறுங்கிப்போகும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பச்சி