மலைநாட்டு நடைப்பயணத்துக்கு நாள் குறிக்குமுன் மழையின் திசையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலைநாட்டுக்கு நடைப்பயணம் வருகிறவர்களின் தொகை ஆண்டுக்கு ஆண்டு கூடி வருவதைப் பண்டாரவளையில் வாழும் நான் மகிழ்ச்சியோடு கவனித்து வருகிறேன். கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, கலஹா, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல எனத் தேயிலைத் தோட்டங்களின் ஊடே சுற்றி நுவரெலியாவில் முடியும் பெக்கோ நடைபாதை, 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. வெளிநாட்டவரோடு கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆகிய இடங்களிலிருந்து வரும் இளைஞர்களும், விடுமுறைக்குத் தாயகம் திரும்பும் புலம்பெயர்ந்த குடும்பங்களும் இப்போது முதுகுப்பைகளுடன் இப்பாதைகளில் நடக்கிறார்கள். எந்த மலையில் காட்சி அழகாக இருக்கும், எத்தனை கிலோமீற்றர் நடக்க வேண்டும், எங்கே தங்கலாம் என்பவற்றை எல்லாம் அவர்கள் முன்கூட்டியே தேடி அறிந்துகொண்டுதான் வருகிறார்கள். ஆனால், தாம் வரும் மாதத்தில் மலையின் எந்தப் பக்கத்தில் மழை பெய்யும் என்ற கேள்வியைக் கேட்டுவிட்டு நாள் குறிப்பவர்கள் மிகச் சிலரே. திட்டமிடல் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

குளிர்நாட்டு மலைகளுக்குக் கோடை, பனிக்காலம் என்று நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு கணக்கு இருக்கிறது. நம் நாட்டு மலைகளுக்கு அப்படி இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து அள்ளி வரும் ஈரத்தை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் கொட்டித் தீர்க்கிறது. கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கம் அந்த மாதங்களில் வெயிலைக் காண்பதே அரிது. மேற்குச் சரிவின் சில இடங்களில் ஆண்டு மழைவீழ்ச்சி 5000 மில்லிமீற்றரைத் தாண்டுகிறது. அதே காற்று மலைமுகட்டைக் கடந்து, பதுளையும் பண்டாரவளையும் அடங்கிய ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரமெல்லாம் இழந்து வறண்ட காற்றாக வீசுகிறது. மட்டக்களப்பில் அதைக் கச்சான் என்பார்கள். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது நிலைமை தலைகீழாகி, பதுளைப் பக்கமும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவுகளும் நனைகின்றன. மேற்குப் பக்கம் தெளிகிறது. ஆகவே, ஒரே நாளில் ஹட்டனில் கொட்டும் மழையும் பண்டாரவளையில் கண்ணைக் கூசும் வெயிலும் இருப்பது இங்கே வழமையான காட்சி. ரயிலில் சில மணி நேரத்தில் கடக்கக்கூடிய தூரத்துக்குள் இரு வேறு பருவங்கள் இருக்கின்றன என்பதை வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எளிதில் ஊகிக்க முடியாது.

இதை நினைவில் வைத்துக்கொள்ளத் தோட்டத்து மக்களுக்கு நன்கு தெரிந்த ஒரு வழி உண்டு. வறண்ட காற்றும் குளிர்ந்த இரவுகளும் சேரும் காலத்தில்தான் கொழுந்து மெதுவாக வளர்ந்து, தேயிலையின் சுவையும் மணமும் கூடுகின்றன. ஹட்டன், தலவாக்கலை, போகவந்தலாவை ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய திம்புள்ளைப் பக்கத்துக்கு அந்தக் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குத் தனி மதிப்பைத் தேடித் தந்தது அந்த வறண்ட காற்றுத்தான். எந்தப் பக்கத்தில் நல்ல தேயிலை விளையும் மாதமோ, அதுவே அந்தப் பக்கத்தில் கால்நடையாகச் செல்லவும் நல்ல மாதம் என்று தயங்காமல் சொல்லலாம். பெக்கோ நடைபாதையை முழுவதுமாக நடக்க விரும்புகிறவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அப்பாதை இரண்டு பக்கங்களையும் தொட்டுச் செல்வதால், பெரும்பாலான மாதங்களில் ஏதாவது ஒரு பக்கத்து மழையில் அவர்கள் மாட்டிக்கொள்வார்கள். பெப்ரவரி பிற்பகுதியும் மார்ச் மாதமும் இரு பக்கங்களும் ஓரளவு ஒத்துவரும் காலம். அதுவும் கிடைக்காதவர்கள், பாதையைப் பிரித்து இரு தடவைகளில் நடப்பதே மேல் என்பது என் கருத்து.

நம்மவர்களுக்கு உள்ள இடர்ப்பாடு, பயண நாளைப் பாடசாலை விடுமுறையே தீர்மானிக்கிறது என்பதுதான். பிள்ளைகளோடு வருகிறவர்களிடம் பெப்ரவரியில் வாருங்கள் என்று சொல்லிப் பயனில்லை. ஆகவே விடுமுறைக்கு ஏற்ப இடத்தை மாற்ற வேண்டும். டிசெம்பர் விடுமுறையில் பலர் நக்கிள்ஸ் பக்கம் புறப்படுகிறார்கள். அது அம்மலைத்தொடரின் மிக ஈரமான காலங்களில் ஒன்று. ஓடைகள் பெருகி, பாசி படிந்த பாறைகள் வழுக்கி, அட்டைகள் மொய்க்கும் அந்நாட்களில் காட்டுப் பாதைகளில் வழி தவறுவதும் எளிது. சித்திரைப் புத்தாண்டையொட்டிய விடுமுறையில் காலை நேரங்கள் பளிச்சென்று விடிந்தாலும், பிற்பகலில் இடியும் மின்னலும் சேர்ந்த மழை திடீரென்று கவிழும். மரமற்ற மலைமுகட்டிலோ புல்வெளியிலோ அந்நேரத்தில் நிற்பது உயிராபத்து. ஓகஸ்ட் விடுமுறைக்கு எல்ல, ஹப்புத்தளை, வெலிமடைப் பக்கங்கள் பொருத்தமானவை. ஆனால், அந்த வறட்சியில் மானாப்புல் மூடிய சரிவுகள் எளிதில் தீப்பற்றுகின்றன என்பதால், புகைத்தலையும் தேநீருக்காக அடுப்பு மூட்டுவதையும் அடியோடு தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுதோறும் எங்கள் மலைகள் கருகுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மாதத்தைப் போலவே மணியும் முக்கியம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள நம் நாட்டில் நீண்ட மாலைப்பொழுது என்பது எந்த மாதத்திலும் கிடையாது. நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. மறைந்த சிறிது நேரத்தில் இருள் முழுமையாகச் சூழ்ந்துவிடும். பிற்பகல் மழையையும் இந்த இருளையும் சேர்த்து எண்ணினால், விடியும்போதே நடக்கத் தொடங்கி, மதியத்தை ஒட்டித் தங்குமிடத்தை அடையும்படி திட்டமிடுவதே அறிவுடைமை என்பது விளங்கும். ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு எனப்படும் செங்குத்தான மலைவிளிம்பைக் காண வருகிறவர்கள் காலை பத்து மணிக்குப் பின்னர் அங்கே போய்ச் சேர்ந்தால், பெரும்பாலும் வெண்மேகத்தை மட்டும் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டியிருக்கும். தூரத்தைக் கிலோமீற்றரில் மட்டும் கணக்கிடுவதும் ஏமாற்றும். ஏற்றத்தையும் இறக்கத்தையும் சேர்த்துத்தான் நேரத்தைக் கணக்கிட வேண்டும்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெப்பநாடுதானே என்ற எண்ணத்தில் மெல்லிய பருத்தி உடையோடு வருகிறவர்கள் பலர். நாட்டின் அதிஉயர் சிகரமான பீதுருதலாகலையே 2524 மீற்றர்தான் என்பதால், மூச்சுத் திணறலும் தலைச்சுற்றலும் தரும் உயர்மலை நோயைப் பற்றி இங்கே பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், ஆயிரம் மீற்றர் ஏறும்போது வெப்பநிலை ஏறத்தாழ ஆறு பாகை செல்சியஸ் குறைகிறது. நனைந்த பருத்தி உடையோடு, காற்று வீசும் முகட்டில் நிற்கும்போது உடல் நடுங்கத் தொடங்கிவிடும். விரைவில் காயும் உடை, மழையங்கி, பிடிமானமுள்ள சப்பாத்து, கைவிளக்கு, விசில், அட்டைக்கு உப்பு, போதிய குடிநீர் ஆகியவை ஒரு நாள் நடைக்கும் தேவை.

சிவனொளிபாதமலையைப் பற்றித் தனியே குறிப்பிடுகிறேன். டிசெம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமியில் முடியும் யாத்திரைக் காலத்தில், நல்லதண்ணிப் பாதை முழுவதும் விளக்கொளியும் கடைகளும் ஆள் நடமாட்டமும் இருக்கும். வயோதிபர்களும் குழந்தைகளும் அந்த 5000க்கும் மேற்பட்ட படிகளை இரவில் ஏறுவது அந்த ஏற்பாடுகளின் துணையால்தான். யாத்திரைக் காலம் முடிந்தபின் கூட்டமில்லாமல் ஏறலாம் என்று எண்ணி ஜூன், ஜூலை மாதங்களில் வருகிறவர்கள், 2243 மீற்றர் உயரமுள்ள அம்மலையைத் தென்மேற்குப் பருவமழையின் நடுவில், இருளில், உதவிக்கு ஆளின்றிச் சந்திக்கிறார்கள். பக்தியோடு வந்தாலும் உல்லாசத்துக்கு வந்தாலும் அது தகுந்த காலமன்று.

இனி மிகக் கவலை தரும் விடயத்துக்கு வருகிறேன். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர்களின் லயக்குடியிருப்புகளை மண் மூடிய துயரத்தை மலையகம் இன்றும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல், கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனையோ மலைச்சரிவுகளைக் கிழித்தெறிந்து, வீதிகளையும் மலையக ரயில் பாதையையும் துண்டித்துப் பல உயிர்களைக் கொண்டு சென்றது. அதற்கு முன்னர் யாரோ நடந்து பதிவு செய்த பாதை வரைபடங்களைக் கைத்தொலைபேசியில் இறக்கிக்கொண்டு இன்று அப்படியே பின்பற்றுவது சரியாகாது. படத்தில் பாதை இருக்கும் இடத்தில் நிலத்தில் பிளவு இருக்கலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தாலே முதல் நிலை எச்சரிக்கைக்குரியது. 150 மில்லிமீற்றர் என்றால் அங்கே வாழ்பவர்களே வெளியேற வேண்டும். தாம் நடக்கப்போகும் பகுதி எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் அடங்குகிறது என்பதை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டால்தான் அந்த எச்சரிக்கையை வாசித்துப் பயன் பெற முடியும். மஞ்சள் நிலையிலேயே நடையைத் தள்ளிப்போட வேண்டும் என்பேன். தங்குமிடத்துக்குக் கட்டிய முற்பணம் போய்விடுமே என்று தயங்குவது புரிகிறது. ஆயினும் ஒரு நாளைக்கு மாற்று ஏற்பாடு வைத்துக்கொண்டே வருவது நல்லது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்பியூலன்ஸ் சேவையின் 1990 ஆகிய இலக்கங்கள் கையில் இருக்கட்டும். பள்ளத்தாக்குகளில் தொலைபேசி அலை கிடைக்காது என்பதால், புறப்படும் நேரத்தையும் செல்லும் வழியையும் தங்குமிடத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்வது அவசியம்.

இந்தப் பாதைகளில் பெரும்பாலானவை ஆளற்ற வனத்தின் வழியாகச் செல்பவை அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் தேயிலை கொண்டுசெல்ல வெட்டப்பட்ட வண்டிப்பாதைகளே இன்று நடைபாதைகளாகியுள்ளன. அவற்றை வெட்டியவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அப்பாதையோரத்து லயங்களில்தான் வாழ்கிறார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால், எந்தப் பாலம் உடைந்திருக்கிறது, எந்த மலையில் மருந்து அடிக்கிறார்கள், எங்கே குளவிக்கூடு கலைந்திருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக்கொட்டுக்கு இலக்காகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்தி உங்கள் பத்திரிகையிலேயே அடிக்கடி வருகிறது. நடப்பவர்களுக்கும் அதே ஆபத்து உண்டு. வரைபடத்தில் ஒரு பெயரும் மக்கள் வழக்கில் வேறு பெயரும் உள்ள தோட்டங்கள் பல என்பதால், வழி கேட்கும்போது அருகிலுள்ள கோயிலையோ தொழிற்சாலையையோ பாடசாலையையோ சொல்லிக் கேட்பது உதவும். தமிழ் பேசும் பயணிகளுக்கு இந்த உரையாடல் எவ்வளவு எளிதாக வாய்க்கிறது! அதை அவர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். மேலேயுள்ள ஓடையில் சவர்க்காரம் போட்டுக் குளித்தால், அந்த நீர்தான் கீழே லயத்துக் குழாயில் குடிநீராக வருகிறது என்பதையும், வேலை செய்யும் பெண்களை அனுமதி கேளாமல் படம் எடுப்பது அவர்களைப் புண்படுத்துகிறது என்பதையும் மனதில் கொள்ள வேண்டும். வழிகாட்டி தேவைப்படுகிறவர்கள் அந்தந்தத் தோட்டத்து இளைஞர்களையே நியாயமான கூலி பேசி அமர்த்திக்கொள்ளலாம். மலையை அறிந்த ஒருவரின் துணை கிடைப்பதோடு, வேலை தேடி கொழும்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஊரிலேயே ஒரு வருமானமும் கிடைக்கும்.

இறுதியாகத் தங்களிடமும் அதிகாரிகளிடமும் சில வேண்டுகோள்கள். நடைபாதைகளின் தொடக்கத்தில் வைக்கப்படும் எச்சரிக்கைப் பலகைகள் மூன்று மொழிகளிலும் இருக்க வேண்டும். பாதை மூடப்படும்போது அந்தச் செய்தியும் மூன்று மொழிகளிலும் அன்றே வெளியாக வேண்டும். தங்கள் பத்திரிகை வெள்ளிக்கிழமைகளில் மலைநாட்டுக்கென ஒரு சிறு பெட்டிச் செய்தியை ஒதுக்கி, வார இறுதிக்கான வானிலை எதிர்வுகூறல், மண்சரிவு எச்சரிக்கை நடைமுறையிலுள்ள பிரிவுகள், மூடப்பட்டுள்ள பாதைகள் ஆகியவற்றை வெளியிட்டால், சனிக்கிழமை அதிகாலை ரயிலேறுகிறவர்களுக்கு அது பேருதவியாக இருக்கும். ஏப்ரல் விடுமுறைக்கு முன்பாகவே அதைத் தொடங்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மலையக வாசகர் ஒருவர்,
பண்டாரவளை.